மூலையை முழுசாக வெட்டாதீர்கள்

பால் கவரை எப்படித் திறக்கிறீர்கள்? நான் போகும் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் கத்தரிக்கோலால் ஒரு மூலையை நறுக்கென்று வெட்டித் தனியாக எடுத்துவிடுகிறார்கள். கவர் என் சாக்குக்கு வந்துவிடும், மூலை வராது. அது பாத்திரம் கழுவுகிற இடத்து ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போகும், இல்லாவிட்டால் விளக்குமாறோடு வாசல் மண்ணுக்குப் போகும். அத்தனை சின்னத் துண்டைப் பொறுக்கிச் சேர்க்க யாராலும் முடியாது. பாதி வரைக்கும் வெட்டி, மூலையைக் கவரிலேயே தொங்க விடுங்கள். பால் அப்படியும் நன்றாகவே ஊற்றும்.

இதை வாசல் வாசலாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. "ஒருதடவை எழுதிப் போட்டுடுங்க சித்தி, அப்புறம் லிங்க் அனுப்பினாப் போதும்" என்றான் அக்கா மகன். அதனால் இந்தப் பதிவு.

நான் ஹரித கர்ம சேனையில் வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். கேரளத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நகராட்சியிலும், மக்காத குப்பையை வீடு வீடாகப் போய் வாங்கிவரும் பெண்கள் நாங்கள். பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவிக் குழு ஆட்கள். பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தோளில் சாக்கோடு வருவோமே, அவர்கள்தான். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். இங்கே பாதி வீடு தமிழ் பேசும், பாதி வீடு மலையாளம் பேசும், எல்லா வீடும் இரண்டையும் கலந்து திட்டும். என்னோடு வார்டுக்கு வருபவர் ஒரு மலையாளச் சேச்சி. மலையாள வீட்டில் அவர் முன்னால் நிற்பார், தமிழ் வீட்டில் நான். சண்டை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு மொழியிலும் பேசிக்கொள்வோம்.

மாதம் ஒருமுறை வருவோம். வீட்டுக்கு 50 ரூபாய், கடைக்கு 100 ரூபாயிலிருந்து. கதவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஹரிதமித்ரம் ஆப்பில் ஸ்கேன் பண்ணி, காசு வாங்கி, சாக்கை வாங்கிக்கொண்டு போவோம். "எங்க குப்பையை எடுத்துட்டுப் போயி நீங்க வித்துக் காசு பண்றீங்க, அப்புறம் எங்ககிட்டயே 50 ரூபாயா?" என்று கேட்காத தெரு கிடையாது. சரி, அந்தச் சாக்கு எங்கே போகிறது என்று சொன்னால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

தெருமுனையில் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பிக் கூண்டு பார்த்திருப்பீர்கள். மினி எம்.சி.எஃப். என்பார்கள். சாக்குகள் முதலில் அதில் சேரும். (அது குப்பைத் தொட்டி இல்லை. ராத்திரி பைக்கில் வந்து அழுகிய மீன் தலையை அதற்குள் வீசிவிட்டுப் போகிற புண்ணியவான் யாரென்று எனக்கும் சேச்சிக்கும் நன்றாகத் தெரியும்.) அங்கிருந்து வண்டியில் பஞ்சாயத்தின் பெரிய ஷெட்டுக்குப் போகும். ஷெட்டில் நீள மேசை. சாக்கைக் கவிழ்த்து, கையால் பிரிப்போம். பால் கவர் தனி. கண்ணாடி மாதிரித் தெரிகிற எல்.டி. கவர் தனி, கலர் எல்.டி. தனி. கடையில் சாமான் போட்டுத் தருகிற, கசக்கினால் சரசரக்கும் எச்.எம். கவர் தனி. துணி, பிஸ்கட், பருப்பு வருகிற பி.பி. கவர் தனி. தண்ணீர் பாட்டில் தனி. பக்கெட், மக், உடைந்த நாற்காலி போன்ற கட்டிப் பிளாஸ்டிக் தனி. செருப்பு, தோள்பை, தெர்மோகோல், கண்ணாடி எல்லாம் தனித்தனி. ஒரு வருஷம் இந்த மேசையில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த கவர் என்று சொல்லிவிடலாம்.

இப்படிப் பிரித்ததை அழுத்திக் கட்டாகக் கட்டினால், கேரள அரசின் க்ளீன் கேரளா கம்பெனி விலை கொடுத்து எடுக்கும். அந்தக் காசு சேனைக்கு வரும். பிரிக்க முடியாததும் அழுக்கானதும் 'ரிஜெக்ட்'. அதையும் எடுப்பார்கள், ஆனால் அதை அப்புறப்படுத்த நாம் பணம் கொடுக்க வேண்டும். அதாவது ஒரே பால் கவர் கழுவி வந்தால் எங்களுக்கு வரவு, நாறி வந்தால் பஞ்சாயத்துக்குச் செலவு. ரிஜெக்ட் பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போய் நிலக்கரிக்குப் பதில் எரியும். மண்ணில் கிடப்பதற்கு அது தேவலை. ஆனால் எரிந்துபோனது மறுபடி எதுவாகவும் ஆகாது.

ஆகக் கழுவுங்கள், காயவையுங்கள் என்று நாங்கள் உயிரை விடுவது இதற்காகத்தான். ஒரு சாக்கில் சாம்பார் ஒட்டிய கவர் ஒன்று இருந்தால் போதும். மாதக் கடைசியில் திறக்கும்போது அந்தச் சாக்கு முழுவதும் புழு. பேப்பர் ஊறிக் கூழாகியிருக்கும். எலி கடித்த ஓட்டை வேறு. அதில் நல்லதாக இருந்ததும் ரிஜெக்ட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் கழுவிக் காயவைத்துக் கொடுத்ததையும் இந்த ஒரு கவர் கெடுத்துவிடும்.

ஆனால் எங்கள் ஊரில் கழுவு என்று சொல்வது அவ்வளவு லேசு இல்லை. கேரளம் என்றாலே மழை, ஆறு என்று நினைப்பவர்கள் ஒருதடவை கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் சித்திரையில் வந்து பார்க்கட்டும். மழை மறைவுப் பகுதி. ஆழ்துளைக் கிணறு வற்றி, குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். ஒரு வீட்டில் ஆத்தா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, குடிக்கத் தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு அலையறோம். நீ குப்பையைக் கழுவிக் குடுங்கறியே, இது அடுக்குமா?"

"நல்ல தண்ணி வேண்டாங்காத்தா. பாத்திரம் கழுவுன கடைசித் தண்ணி இருக்குமில்லைங்க, அதுல ஒரு அலசு அலசுனாப் போதும்."

"அந்தத் தண்ணி வாழைக்குப் போகுதே."

"அலசிட்டு வாழைக்கே ஊத்துங்க."

கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த மாதம் பால் கவர் எல்லாம் சுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாழை நாரால் கட்டி வைத்திருந்தார். அரிசி களைந்த தண்ணீரில் அலசினாராம். பால் நாற்றம் அதில் இன்னும் நன்றாகப் போகிறது என்று எனக்கே பாடம் எடுத்தார்.

காயவைப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஈரக் கவரைக் கழுவுகிற இடத்துக்கு மேலே இருக்கிற டைல்ஸ் சுவரில் அப்படியே அப்பி விடுங்கள். ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் தானாக உதிரும். உதிர்ந்ததை எடுத்துச் சாக்கில் போடுங்கள். வெளியே கொடியில் போடுபவர்கள் கிளிப் குத்த மறக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது பால் கவர் எம்மாத்திரம்? நம் வீட்டுக் கவர் பக்கத்துத் தோப்பில் தென்னை மட்டையில் போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தத் தோப்புக்காரர் நம்மிடம் சண்டைக்கு வருவார்.

தண்ணீர் பாட்டில் பற்றிப் பயிற்சி வகுப்பில் ஒன்று காட்டினார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பாட்டிலில் ஒரு துண்டு, மூடியில் ஒரு துண்டு, பால் கவரில் ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டார்கள். பாட்டில் துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. மூடியும் பால் கவரும் மிதந்தன. பாட்டில் பெட் பிளாஸ்டிக், தண்ணீரைவிடக் கனம். மூடி வேறு பிளாஸ்டிக், தண்ணீரைவிட லேசு. மறுசுழற்சி ஆலையிலும் இதையேதான் பெரிய தொட்டியில் செய்கிறார்களாம். நொறுக்கிப் போட்டால் மிதப்பது மேலே, முங்குவது கீழே. ஆகவே மூடியைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை. பாட்டிலில் இருக்கிற தண்ணீரைக் கொட்டி, நசுக்கி, மூடியை மாட்டியே கொடுங்கள். தனியாகப் போட்டால் பால் கவர் மூலைக்கு நேர்ந்த கதிதான் மூடிக்கும். அந்த பெட் துண்டு உருகி நூலாகிப் பாலியஸ்டர் துணியாக வரும். நாம் உடுத்துவதில் எது எந்த ஊர்ப் பாட்டிலோ.

இன்னொரு போக்கும் உண்டு. கவர்களைப் பொடியாக அரைத்துத் தார் ரோட்டில் கலப்பது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கொண்டுவந்த முறை. அதற்காகவே 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் பொடியைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இதில் பி.வி.சி. சேரக் கூடாது. சூட்டில் அதிலிருந்து கெட்ட வாயு வரும். எனவே பழைய பைப் துண்டையும் ரெக்சினையும் கவரோடு திணிக்காதீர்கள். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் பால் கவரும் பழைய செருப்பும் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். சுள்ளிக்கா நம் ஊரில் பஞ்சம்? நாலு தென்னை மரத்தடியைச் சுற்றி வந்தால் ஒரு மாதத்துக்குப் பாளை கிடைக்கும்.

இனி, நல்ல மனசோடு போட்டு எங்களைக் கஷ்டப்படுத்துகிற சாமான்கள். சிப்ஸ் பாக்கெட் முதலில். உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளப்பது அலுமினியப் பூச்சு. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கும் அதைப் பிரிக்க வழியில்லாமல் நேராக ரிஜெக்ட்டுக்குப் போகும். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பால் கவருக்குள் அதைச் சுருட்டித் திணிக்காமல் தனியாகக் கொடுங்கள். மாத்திரை அட்டையும் இதே ஜாதி. ஜூஸ் வருகிற டெட்ரா பாக் பார்க்க அட்டை மாதிரி இருந்தாலும் உள்ளே பிளாஸ்டிக்கும் அலுமினியமும் உண்டு, பேப்பரோடு சேர்க்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் தருகிற வழவழப்பான பில் தாளில் ரசாயனப் பூச்சு இருக்கிறது. அதையும் பழைய பேப்பர்க் கட்டில் செருக வேண்டாம். அப்புறம் ஜவுளிக்கடையில் தருகிற, துணி மாதிரியே இருக்கிற பை. நான்-வோவன். அது துணியில்லை, பி.பி. பிளாஸ்டிக். துணி என்று நினைத்துப் பத்திரமாக மடித்துத் துணிச் சாக்கில் போடுகிறார்கள் பாவம்.

பேப்பர் கப்பைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

பேப்பர் கப் பேப்பர் இல்லை. டீ ஊறாமல் இருக்க உள்பக்கம் மெல்லிசாகப் பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். பேப்பர்க்காரரும் வாங்க மாட்டார், பிளாஸ்டிக்காரரும் வாங்க மாட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. கேரளத்திலும் 2020 ஜனவரியில் தடை வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஆனால் வேலந்தாவளம் செக்போஸ்டைச் சுற்றி எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய் டீ கேளுங்கள், எதில் வருகிறது என்று பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் பீடித் துண்டும் பாதி வடையும் வைத்து, டீ வடிய வடிய எங்கள் சாக்குக்கு வரும்.

டீக்கடைக்காரர்களைக் கேட்டால், கொரோனாவுக்கு அப்புறம் ஆட்கள் கிளாஸைத் தொட யோசிக்கிறார்கள் என்கிறார்கள். கழுவ ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். இரண்டாவது காரணத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். விடிகாலை நாலு மணிக்குக் காய்கறி லோடு இறக்குகிறவர்கள் முப்பது பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றால் ஒற்றை ஆளாக அவர் என்ன பண்ணுவார்? என் வார்டில் ஒரு கடைக்காரர் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குக் கிளாஸ், நின்றபடி குடித்துவிட்டுப் பறப்பவர்களுக்குக் கப் என்று வைத்திருக்கிறார். பாதி வெற்றி என்று சேச்சி சொல்கிறார், பாதித் தோல்வி என்று நான் சொல்கிறேன். பார்சல் டீ வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் மச்சில் ஒரு தூக்குப்போசி தூங்கிக்கொண்டிருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு போனால் என்னங்க?

கடைகள் விஷயத்தில் வீட்டைவிடக் கணக்கு சிக்கல். பேக்கரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைதா மூட்டைச் சாக்கு, டால்டா டின், அட்டைப் பெட்டி, முட்டை அட்டை எல்லாம் வரும். இவை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஆக்ரிக்கடைக்காரர், அதாவது பழைய சாமான் வாங்குகிறவர், வாரம் தவறாமல் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார். எங்களுக்கு என்ன மிச்சம்? க்ரீம் ஒட்டிய கேக் அட்டை, எண்ணெய் ஊறிய பட்டர் பேப்பர், பஃப்ஸ் வைத்த ட்ரே. எங்கள் சேனையில் சிலருக்கு இதில் ஆக்ரிக்காரர்மேல் கோபம். எனக்கு இல்லை. சேனை வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே, பழைய பேப்பர், இரும்பு, பாட்டில் என்று சைக்கிளில் வந்து வாங்கிப்போனவர்கள் அவர்கள். அவர்கள் கைக்குப் போகும் அட்டைப் பெட்டி உடுமலைப் பக்கத்துக் காகித மில்லுக்குப் போய் மறுபடி அட்டையாகத்தான் வருகிறது. அது ஒழுங்காக நடக்கிற வேலை. நான் கடைக்காரரிடம் கேட்பதெல்லாம், விலையில்லாததையும் அதே அக்கறையோடு பிரித்து வையுங்கள் என்பதுதான். க்ரீமை வழித்துவிட்டு அட்டையை அடுக்கினால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

மெடிக்கல் ஷாப்பில் காலாவதி மருந்தைச் சாக்கில் போடக் கூடாது, வாங்கிய மொத்த விற்பனையாளரிடமே திருப்ப வேண்டும். கோழிக்கடைக் கழிவைத் தனி வண்டி வந்து, அதை வேகவைத்துப் பொடியாக்குகிற ரெண்டரிங் பிளான்டுக்கு எடுத்துப் போகும். முடிவெட்டும் கடையில் முடியை எடுக்கத் தனி ஏஜென்சி இருக்கிறது. அது எங்கள் வேலை இல்லை. இதை ஒரு கடையில் சொன்னதற்கு, "100 ரூபாய் வாங்கறீங்கல்ல" என்றார். வாங்குகிறோம் அண்ணா, பிளாஸ்டிக்குக்கு.

கல்யாண மண்டபம்தான் பெரிய கூத்து. நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி என்றால் மூன்று நாள் முன்னாடியே பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குப்பையைப் பிரித்து எங்களிடம் கொடுத்து, அதற்கான காசும் கட்ட வேண்டும். பந்தியில் வாழை இலையும் ஸ்டீல் டம்ளருமாகப் போட்டுவிட்டு, வாசலில் வரவேற்கிற இடத்தில் கை நிறையக் குட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். ஆளுக்கு இரண்டு மடக்கு. மிச்சத்தோடு மூடி, நாற்காலிக்கு அடியில். மறுநாள் நாங்கள் போய் ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீரைக் கொட்ட வேண்டும். கொட்டாமல் அழுத்தினால் வெடிக்கும், கட்டு நிற்காது. மண்டபத்து வேப்பமரத்துக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. குடிதண்ணீர் லாரி வருகிற ஊரில் இதைச் செய்வதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மூலையில் கேனும் டம்ளரும் வைத்தால் மாப்பிள்ளை வீட்டுக் கௌரவம் எப்படிக் குறையும் என்று தெரியவில்லை.

பாட்டில் என்றதும் இன்னொன்று. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிற திட்டம் நீலகிரியில் 2022இல் ஆரம்பித்தது. கேரளத்தில் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் 20 ரூபாய் வைத்துத் தொடங்கினார்கள். குடியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, ஆனால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. காசு இருக்கிற பாட்டிலை எடுக்க ஆள் வரும். வயலில் உடைந்து கிடந்து நாற்று நடுகிறவர்கள் காலைக் கிழிக்காது.

இப்போது எல்லை விஷயம். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் சித்தி மகள் ஃபோன் பண்ணினாலே ஆரம்பித்துவிடுவாள். "உங்க ஊருக் குப்பையெல்லாம் லாரில கொண்டுவந்து எங்க ஊர்லதானே கொட்றீங்க?" அவள் சொல்வதில் பொய்யில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூரில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் எடுக்கச் சொல்லி, இங்கிருந்து லாரிகள் போய்த் திரும்ப அள்ளிவந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்தச் செய்தி ஓடிய வாரம் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூசியது எனக்கு. நாங்கள் கொட்டவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குக் குப்பை என்றால் எல்லாம் ஒன்றுதானே.

அவளிடம் நான் சொல்வது இது. அதே செக்போஸ்ட் வழியாக, பில் போட்டு, கட்டுக் கட்டாக அட்டையும் பிளாஸ்டிக்கும் தமிழ்நாட்டுக்குப் போகிறது. அதை யாரும் மறிப்பதில்லை. அங்கே ஆலைக்காரர் காசு கொடுத்து இறக்குகிறார். இந்த லாரியிலும் அந்த லாரியிலும் இருப்பது ஒரே மாதிரி வீடுகளிலிருந்து, ஒரே மாதிரிக் கடைகளிலிருந்து கிளம்பியதுதான். ஒன்று சமையலறையில் பிரிந்து வந்தது. மற்றொன்று எல்லாம் கலந்து, ஈரமாகி, எந்த ஆலையும் தொடாததாகிவிட்டது. யாரும் வாங்காத சரக்கை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? இருட்டில் கொட்ட ஒருவன் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறான். செக்போஸ்டில் கேமரா வைப்பது நல்லதுதான். ஆனால் அந்த லாரியில் ஏறுகிற சாக்கு, கடையின் பின்வாசலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2ஆம் தேதி பிடித்த தீயும் இதே கதைதான். மலையாகக் குவிந்த கலப்புக் குப்பை. பத்து நாளுக்கு மேல் புகைந்து ஊரே முகமூடி போட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் வேலைக்கு மதிப்பு வந்தது என்று சேச்சி சொல்வார். அதற்கு முன்னால், காசு கட்ட மாட்டேன், கேட்டைத் திறக்க மாட்டேன், நாயை அவிழ்த்துவிடுவேன். இப்போது கட்டாவிட்டால் வரி பாக்கியோடு சேர்ந்துவிடும் என்பதால் கட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மோர் கொடுக்கிறவர்களும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

2023 ஜூலையில் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடியில் எங்களைப் போலவே சேனையில் வேலை பார்க்கும் 11 பெண்கள் சேர்ந்து 250 ரூபாய்க்கு ஒரு மான்சூன் பம்பர் லாட்டரி டிக்கெட் வாங்கி, 10 கோடி விழுந்தது. வேலையை விட மாட்டோம் என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் குழுவிலும் பம்பர் வந்தால் பங்குபோட்டு ஒரு டிக்கெட் உண்டு. நான் சந்தேகத்தோடுதான் காசு கொடுக்கிறேன், ஆனால் கொடுக்காமல் இருந்ததில்லை.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சிமருந்து பாட்டிலை வீட்டுச் சாக்கில் போடாதீர்கள். நாங்கள் கையால் பிரிக்கிறோம். கையுறை இருக்கிறது, வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பாருங்கள், தெரியும். மருந்து தீர்ந்ததும் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை மருந்துத் தொட்டியிலேயே ஊற்றி அடித்துவிட்டு, பாட்டிலில் ஓட்டை போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். எண்ணெய் ஊற்றி வைக்கவோ தண்ணீர் எடுத்துப் போகவோ யாரும் அதைக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் ஓட்டை. டயப்பர், நாப்கின் விஷயமும் அதே. சாக்கில் சுருட்டி ஒளித்து வைத்தால் மேசையில் கவிழ்க்கும்போது எங்கள் கையில்தான் வரும். அதை எடுக்க உங்கள் பஞ்சாயத்தில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நாங்கள் கேட்டால் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் என்பார்கள், நீங்கள் கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

அடுத்த முறை எங்கள் வார்டில் கண்ணாடியும் எடுக்கிறோம். பாட்டில், ஜாடி எல்லாம் சரி. பீங்கான் கோப்பையும் முகம் பார்க்கும் கண்ணாடியும் பாட்டிலோடு சேர்ந்து உருகாது, அவற்றைத் தனியாக வையுங்கள். உடைந்ததை அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே 'கண்ணாடி' என்று தமிழிலோ மலையாளத்திலோ எழுதுங்கள், இரண்டும் படிப்போம். டியூப் லைட்டை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. வாங்கின அட்டைக் குழாயிலேயே திரும்பச் செருகிக் கொடுங்கள். சேச்சி எட்டரைக்கே வந்துவிடுவார், அதனால் சாக்கை முந்தின நாள் ராத்திரியே வெளியே வைக்காதீர்கள். நாய் இழுத்துப் போனால் அதைத் தெரு முழுக்கப் பொறுக்குவதும் நாங்கள்தான்.